ஐந்து பேரைக் கோத்துக் கட்டும் பந்தயம் பற்றி

நண்பரே, கலப்புத் தற்காப்புச் சண்டையில் (எம்.எம்.ஏ.) வெல்வார்கள் என்று எல்லோரும் சொல்லும் ஐந்து வீரர்களை, ஐவரும் வென்றால்தான் பணம் என்று ஒரே சீட்டில் கோத்துக் கட்டி, நான்கு பேர் வென்றும் ஐந்தாமவரால் மூன்றாவது முறையாகப் பணம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை இருமடங்கு கட்டி மீட்கலாமா என்றும் கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

உங்கள் துரதிர்ஷ்டம் அல்ல இது, கணக்கே அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் விலை 1.25 என்றால், அதாவது ஒரு ரூபாய் கட்டி வென்றால் 1.25 ரூபாய் கைக்கு வரும் என்றால், வெல்லும் வாய்ப்பு 80 விழுக்காடு (1 ÷ 1.25). ஐந்து பேரும் வெல்ல, 0.8-ஐ ஐந்து முறை பெருக்குங்கள்: ஏறத்தாழ 33 விழுக்காடுதான். பந்தய நிறுவனத்தின் லாபத்தைக் கழித்தால் அதுவும் குறையும்.

அதிலும் இது கலப்புத் தற்காப்புச் சண்டை; ஒரே அடியில் எல்லாம் மாறிவிடும். குத்துச்சண்டையில் 8 அல்லது 10 அவுன்ஸ் கையுறை. இங்கே வெறும் 4 அவுன்ஸ். காலும் முழங்கையும் வேறு இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் பட்டத்தை வைத்திருந்த கமாரு உஸ்மான், ஐந்து சுற்றுச் சண்டையில் நான்கு சுற்று முடிவில் மூன்று நடுவர்களிடமும் 39-37 என்ற புள்ளிகளில் முன்னிலையில் இருந்தார். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் எதிராளி லியோன் எட்வர்ட்ஸின் இடது கால் அவர் தலையில் விழுந்தது; பட்டம் கைமாறியது. அந்த உதையை இன்று பார்த்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. இந்த விளையாட்டை நான் நேசிப்பதே அதற்காகத்தான். உஸ்மான் மேல் கட்டியவர்களுக்கு அந்த நொடி எப்படி இருந்திருக்கும்!

வாடகைப் பணத்தைத் தொட்டதாகவும் சொன்னீர்கள். அதை உங்கள் மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வரும் சண்டையைப் பணம் கட்டாமல் பாருங்கள்.