ஒரே தமிழ்தானே என்று போனேன்: திருகோணமலையில் ஒரு வீட்டில் எட்டு மாதம்

திருகோணமலையில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போவதாகவும், அங்கேயும் தமிழ்தான் என்பதால் பழகுவதில் சிரமம் இருக்காதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2023 மே முதல் டிசம்பர் வரை நான் அங்கே இருந்தேன். மதுரையில் மொழியியல் முதுகலை படித்தபோது மீனவர் வழக்குச் சொற்களைத் திரட்டும் களப்பணிக்காகப் போனது. ஊருக்குள் மனையாவெளி என்ற பகுதியில் ஒரு வீடு. மாமா, மாமி, உயர்தரம் (நம் பிளஸ் டூ போல) படிக்கிற அவர்கள் மகள், எனக்குத் தங்கச்சி. சிரமம் உண்டு. தமிழ் என்பதாலேயே உண்டு.

வேறு மொழி பேசுகிற வீடென்றால் புரியாதபோது திருப்பிக் கேட்போம். இங்கே காதில் விழுவதெல்லாம் தெரிந்த சொல். தப்பாகப் புரிந்துகொண்டோம் என்பதே தெரியாது. முதல் நாள் இரவு மாமி இடியப்பத்தைத் தட்டில் வைத்து, "வடிவா சாப்பிடும் பிள்ளை" என்றார். சிந்தாமல் அழகாகச் சாப்பிடச் சொல்கிறார் போல என்று நினைத்து அளவோடு எழுந்துவிட்டேன். வயிறு நிறைய, நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். தன் சமையல் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. "சாப்பிடும்", "இரும்" என்பதும் முதலில் உறுத்தியது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் 'நீர்' என்பதில்லை. அங்கே அது 'நீ'க்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவில் பிரியத்தோடு சொல்வது.

காலை நாலரைக்கு வீடு விழித்துவிடும். தங்கச்சிக்கு உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில். அவளும் நானும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்போம். மாமி வெறும் தேத்தண்ணியும் சர்க்கரைத் துண்டும் கொண்டுவந்து வைப்பார். சர்க்கரை என்றால் அங்கே வெல்லம். நம் சர்க்கரைக்கு அவர்கள் சீனி என்பார்கள். கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டு, புட்டோ பாணோ (பிரெட்) சாப்பிட்டு, ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்ட். அங்கே மாடுகளோடு மாடாகப் புள்ளிமான்கள் நிற்கும். கோட்டைக்குள்ளே, கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில்தான் மான் உண்டு என்று நினைத்திருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஒன்று வந்து என் பையை முகர்ந்தது. பிறகு களப்பணிக்குக் கடலோர ஊர்கள்: சாம்பல்தீவு, நிலாவெளி, சில நாள் குச்சவெளி. மாலையில் பாண் விற்கிற ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் (சந்துக்குள்) வரும்போது நானும் வந்துவிடுவேன்.

ஜூலையில் ஒரு நாள் அப்படி வரவில்லை. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

குச்சவெளியில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனேன். வாசலில் மாமி, "வெளிக்கிடேக்க ஒரு கோல் எடும் பிள்ளை" என்றார். வெளிக்கிடேக்க என்றால் கிளம்பும்போது. சரி மாமி என்றேன். நமக்கு போனை எடு என்றால், வருகிற அழைப்பை எடு. அங்கே கோல் எடு என்றால், நீ கூப்பிடு. எனக்கு அது தெரியாது. மாமி கூப்பிடுவார், தவறாமல் எடுக்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டி போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கரையில் மீனவர் தங்கும் வாடியில் ஒரு வயதான சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், வலையின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். மடி என்ற சொல்லைச் சொல்லும்போது மீன் வந்து சேரும் அந்தப் பையைத் தன் மடியில் எடுத்து விரித்துக் காட்டினார். நேரம் போனது தெரியவில்லை. புல்மோட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறும்போதே இருட்டிவிட்டது. போனும் அணைந்துவிட்டது.

ஒழுங்கை முனையில் மாமா டோர்ச்சோடு நின்றார். வீட்டு வாசலில் மாமி. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையைப் பிடித்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சொதியை (தேங்காய்ப்பால் குழம்பை)ச் சூடாக்கினார். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஏன் அக்கா கோல் எடுக்கேல்ல?" என்று தங்கச்சி கேட்டாள்.

"வந்தால்தானே எடுப்பேன்?"

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. படுக்கப் போகும்போது மெதுவாகச் சொன்னாள்: "அம்மான்ர தம்பி 90ஆம் ஆண்டு கடைக்கெண்டு போனவர். வரேல்ல." அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் போகிற வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள முயலாதீர்கள். எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள், பிந்தினால் நீங்களே கூப்பிடுங்கள்.

அதுவரை மாமி என்னைக் குசினி, அதாவது சமையலறைப் பக்கம் விட்டதில்லை. "நீர் படிக்க வந்த பிள்ளை" என்பார். மறுநாள் காலை நானே போய்த் திருவலையில், அதாவது தேங்காய் துருவும் பலகையில், உட்கார்ந்தேன். தடுக்கவில்லை. பாதித் தேங்காயைக் கையில் தந்து, விளிம்பிலிருந்து தொடங்கி உள்ளே போகச் சொன்னார். சிரட்டையை ஒட்டிய பழுப்பு விழுந்தால் பால் நிறம் மாறிவிடும். சொதிக்கு முதற்பாலைத் தனியே வைத்து, இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் முதற்பால். ஒரு கொதி வருமுன் இறக்கி, பிறகுதான் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிவது. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரைந்துவிடும். டிசம்பர் வரை தினமும் தேங்காய் என் வேலை.

என் ஆய்வேட்டுக்கு உதவியதும் குசினிப் பேச்சுத்தான். "கச்சான் அடிக்குது, வெயிலுக்குள்ள போகாதேயும்" என்றார் ஒரு நாள். கோணேசர் கோவில் வழியில் விற்கிற கச்சான், அதாவது வேர்க்கடலை, எனக்குத் தெரியும். அது எப்படி அடிக்கும்? மேற்கிலிருந்து வருகிற வறண்ட சூட்டுக் காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். அந்தக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும், கரைவலைக்கு நல்ல காலம். நவம்பரில் மழையும் வாடைக்காற்றும் தொடங்கியதும் கடல் கொந்தளித்தது, நான் பழகிய வாடிகள் வெறுமையாயின. உங்களுக்கும் கடற்கரையில் களப்பணி இருந்தால், நீங்கள் போகிற மாதத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை வேலையை முடித்துவிட்டு, மழைக்காலத்தில் எழுத உட்காரலாம்.

பணத்தைப் பற்றித் தயங்காமல் முதலிலேயே பேசுங்கள். என் வீட்டில் வாங்க மறுத்தார்கள். பிள்ளையிடம் வாங்குவதா என்றார் மாமா. மறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தால் எட்டு மாதமும் எனக்குச் சோறு இறங்கியிருக்காது. தங்கச்சியின் ரியூசன் காசை நான் கட்டுவது, சந்தைச் செலவில் பாதி என் பொறுப்பு என்று இரண்டாம் வாரத்தில் முடிவானது. எல்லோருக்கும் நிம்மதி.

மற்றவை சின்ன விஷயங்கள். விசா வேலைக்கு நான் கொழும்பை அடுத்த பத்தரமுல்லைக்குப் போய்வந்தேன், அப்போது இரவு ரயில் வசதியாக இருந்தது. சதுரக் கால் பிளக்குக்கு ஒரு அடாப்டர் கொண்டுபோங்கள். சாம்பார்ப் பொடி வேண்டாம், நான் கொண்டுபோனது திறக்காமலே திரும்பியது.

வீடு எந்தப் பக்கம் அமைந்திருக்கிறது என்று எழுதுங்கள். உப்புவெளிப் பக்கமா, டவுனுக்குள்ளா என்று தெரிந்தால் பஸ்ஸுக்கு எங்கே நிற்பது என்று சொல்கிறேன்.