மிடுக்குக்கும் பள்ளிக்கூடம் இருந்தது: கேள்வி பதில்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாற்றைப் பாடமாக நடத்துகிறேன். தன்னம்பிக்கை, நடை, பேச்சு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கறுப்பினப் பெண்கள் மேடை ஏறினாலே ஒரு மிடுக்கு. அது பிறவியிலேயே வருவதா? (கோவை வாசகர்)

இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் சொல்லும் பெயர் மேக்சின் பவல். 1951-இல் டெட்ராய்ட்டில் நடை, உடை, பழக்கவழக்கம் கற்றுத்தரும் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். 1964-இல் மோடவுன் இசை நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே பாட வந்த பெண்களில் பலர் அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள். சுப்ரீம்ஸ் குழுவினரும் அப்படித்தான். குரல் இருந்தது, மேடைப் பழக்கம் இல்லை.

பவல் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். காரில் ஏறுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்து நுழையக் கூடாது. முதலில் இருக்கையில் உட்கார வேண்டும், அப்புறம் முழங்கால்களைச் சேர்த்தபடி இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது அதையே திருப்பிச் செய்ய வேண்டும். இன்று வீட்டு நாற்காலியிலேயே செய்து பாருங்கள், முதல் பத்து தடவை சிரிப்புதான் வரும். உயரமான ஸ்டூலில் உட்கார்வது, பாடும்போது முகத்தைக் கோணாமல் இருப்பது, கூட்டத்துக்கு முதுகு காட்டாமல் திரும்புவது என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி உண்டு. "நீங்கள் வெள்ளை மாளிகையிலும் பக்கிங்காம் அரண்மனையிலும் பாடப் போகிறவர்கள்" என்பாராம். பெண்கள் சிரித்திருக்கிறார்கள். 1968-இல் சுப்ரீம்ஸ் லண்டனில் அரச குடும்பத்தினர் முன்னால் பாடினார்கள்.

என் கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய சுருள் முடியைப் பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள் என்று நேராக்கச் சொல்லி அழுகிறாள். என்ன செய்யட்டும்? (ஹூஸ்டன்)

முதலில் ஒரு குட்டு. அவள் காதுபட "ஐயோ, என்ன சிக்கு!" என்று நீங்கள் எத்தனை முறை அலுத்துக்கொண்டிருப்பீர்கள்? அதை இன்றோடு நிறுத்துங்கள். நம்மூர் முறையில் காய்ந்த முடியை உச்சியிலிருந்து வாரினால் வலிக்கும், முடியும் உடையும். சனிக்கிழமை சாயங்காலத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். ஈரத்தோடு, கண்டிஷனர் நிறையத் தடவி, தலையை நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேர் நோக்கிப் போங்கள். பிறகு இரண்டிரண்டு புரியாக முறுக்கிவிட்டு, தூங்கும்போது சாட்டின் தொப்பி போட்டுவிடுங்கள். பருத்தித் தலையணை உறை ஈரப்பதத்தை உறிஞ்சிவிடும். உங்கள் மாமியாரோ நாத்தனாரோ இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கேட்பதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

பள்ளி நிர்வாகமே பின்னலைக் குறை சொன்னால், உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. முடியின் இயல்பையோ கறுப்பினத்தவரின் பின்னல் முறைகளையோ காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதை முதலில் 2019-இல் கலிஃபோர்னியா தடை செய்தது. உங்கள் டெக்சாஸில் 2023-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. 'கிரவுன் சட்டம்' என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

என் அலுவலகத் தோழி கறுப்பினப் பெண். கூட்டத்தில் அவள் மறுத்துப் பேசினால் 'கோபக்காரி' என்கிறார்கள், வாயை மூடிக்கொண்டால் 'ஈடுபாடு இல்லை' என்கிறார்கள். (நியூ ஜெர்சி)

பழைய முத்திரை இது. 2008 தேர்தலின்போது மிஷெல் ஒபாமா மீதும் குத்தினார்கள். உங்கள் தோழிக்கு இது புதிதாக இருக்காது, எந்தச் சொல்லை எங்கே விழுங்குவது என்று தினமும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருப்பாள். அதனால் அறிவுரையை உங்களுக்குச் சொல்கிறேன். அவள் பேச்சை யாராவது வெட்டினால், "இருங்கள், அவர் முடிக்கட்டும்" என்று சொல்ல வேண்டியது நீங்கள். கூட்டம் முடிந்து தனியாக வந்து "நீ சொன்னது சரிதான்" என்பதால் ஒரு பயனும் இல்லை.

இடம் கொடுக்காத கூட்டம் என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. 1912, சிகாகோவில் கறுப்பின வணிகர் மாநாடு. தலைமை, அன்றைய பெரிய கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். கூந்தல் பொருட்கள் விற்று முன்னேறிய மேடம் சி. ஜே. வாக்கர் பேச வாய்ப்பு கேட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் அவரே எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிட்டார்: பருத்தி வயலிலிருந்து வந்தேன், துணி துவைத்தேன், சமையல்கட்டுக்குப் போனேன், இன்று சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியிருக்கிறேன். அடுத்த ஆண்டு மாநாட்டில் அவரைப் பேச அழைத்தார்கள்.

நன்றாகப் பேசக் கற்க யாருடைய பேச்சைக் கேட்கலாம்?

பார்பரா ஜோர்டன், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ஹூஸ்டன் பாதிரியாரின் மகள், கல்லூரி விவாத மேடையில் தேறியவர். ஜனாதிபதி நிக்சன் மீதான பதவி நீக்க விசாரணையில், 1974 ஜூலை 25 அன்று அவர் பேசியதைக் கேளுங்கள். அவசரமே இல்லாத பேச்சு. ஒவ்வொரு சொல்லும் கடைசி எழுத்துவரை காதில் விழும்.

இதெல்லாம் வெள்ளையர் மெச்சுவதற்காகப் போட்ட வேஷம்தானே? (மதுரை)

பாதி சரி. 'ஒழுங்காக நடந்துகொண்டால் மதிப்பார்கள்' என்ற எண்ணத்துக்கு வரலாற்றாசிரியர் எவலின் புரூக்ஸ் ஹிக்கின்பாதம் 1993-இல் கண்ணியத்தின் அரசியல் என்று பெயர் வைத்தார். அதற்குப் பலியானவர்களும் உண்டு. பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துப் புகழ்பெற்ற ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச்சில், அதே மாண்ட்காமரி நகரில் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானவர் கிளாடெட் கோல்வின். வயது 15. சின்னப் பெண், ஏழை வீடு, அப்புறம் கர்ப்பமும் ஆனார். போராட்டத்தின் முகமாக அவரை முன்னிறுத்தத் தலைவர்கள் தயங்கினார்கள்.

மீதிப் பாதிக்கு ஃபேனி லூ ஹேமரைப் பாருங்கள். மிசிசிப்பியில் குத்தகை வயலில் பருத்தி எடுத்தவர், இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. எந்த நாகரிகப் பள்ளிக்கும் போனதில்லை. 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் உட்கார்ந்து, வாக்காளராகப் பதியப் போனதற்கு என்னென்ன நேர்ந்தது, சிறையில் எப்படி அடித்தார்கள் என்று சொன்னார். கேமராவைத் திருப்புவதற்காகவே ஜனாதிபதி ஜான்சன் திடீரென்று பத்திரிகையாளர்களைக் கூட்டினார். ஆனாலும் இரவுச் செய்தியில் ஹேமரின் பேச்சைத் தொலைக்காட்சிகள் காட்டிவிட்டன. பேச்சில் கிராமத்து வழக்கு அப்படியே இருந்தது. இதை வேஷம் என்பீர்களா?

நானும் கறுப்புதான், வீட்டிலேயே கேலி செய்கிறார்கள். இவர்கள் கதை எனக்கும் பொருந்துமா? (சென்னை மாணவி)

பயிற்சி பொருந்தும், காரில் ஏறுவது உட்பட. வரலாறு பொருந்தாது. அவர்கள் சுமந்தது அடிமை முறையையும் அதற்குப் பின் அவர்களை ஒதுக்கிவைத்த சட்டங்களையும். நம் வீட்டுக் கேலிக்கு வேர் வேறு, சாதியும் கல்யாணச் சந்தையும் அதில் உண்டு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கறுப்பினத் தோழி ஞாயிறு ஆராதனைக்கு அழைத்திருக்கிறாள். என்ன உடுத்துவது?

இருப்பதில் நல்ல புடவை. வாரமெல்லாம் அடுத்தவர் வீட்டில் சீருடையோடு வேலை செய்த பெண்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் தன் இஷ்டப்படி உடுத்தும் நாளாக இருந்தது. அந்தப் பழக்கம் பாட்டிமார்களிடம் இன்னும் இருக்கிறது, தொப்பிகளைப் பார்த்தாலே தெரியும். உங்களைப் பார்த்ததும் புடவை எத்தனை கஜம் என்று கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொப்பிக்குப் பின்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள், பாடகர் குழு தெரியாது.