ஆட்கள் ஓடுகிறார்கள், ஆர்டர் நகரவில்லை: சிறுதொழில் கேள்வி பதில்

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறேன். எல்லோரும் நாள் முழுக்க ஓயாமல் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் ஆர்டர்கள் தாமதமாகத்தான் போகின்றன. இன்னோர் ஆள் போடலாமா ஐயா?

பதில்: ஆள் போடுவது அப்புறம். முதலில் சில ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொரு மேசைக்கும் அது வந்த நேரம், கையில் எடுத்த நேரம், முடித்த நேரம் மூன்றையும் ஆர்டர் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். கைபடும் நேரம் கொஞ்சம், சும்மா கிடக்கும் நேரம் ஏராளம் என்று பெரும்பாலும் தெரியவரும். ஆட்களை விரட்டினால் குறைவது முதலாவதுதான். உங்கள் தாமதமோ இரண்டாவதில் இருக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்தது. உள்ளே கிடக்கும் வேலைகளை, ஒரு நாளில் முடிகிற வேலைகளால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்று வரும். 30 ஆர்டர் பாதியில் நிற்க, நாளொன்றுக்கு 5 முடிந்தால் 6 நாள். அதே வேகத்தில், தொடங்கியவை 15 மட்டும் என்றால் 3 நாள். அதனால் ஒரே நேரத்தில் கொஞ்சம் ஆர்டர்களை மட்டும் தொடங்குங்கள்.

தொடங்காமல் வைத்தாலும் வாடிக்கையாளருக்குத் தாமதம்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் தொடங்காத வேலையை முன்பின் மாற்றலாம், ரத்தானால் நஷ்டமில்லை. பாதியில் நிற்பது காகிதத்தையும் மேசையையும் பணத்தையும் முடக்கிவிடும். எந்த மேசைக்கு முன்னால் எப்போதும் குவியல் இருக்கிறதோ, ஆள் தேவைப்பட்டால் அங்கேதான். வேறு எங்கே போட்டாலும் அந்தக் குவியல் குறையாது.

கேள்வி: பில், இருப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கலாமா?

பதில்: ஒரே விவரத்தை இப்போது எத்தனை இடத்தில் எழுதுகிறீர்கள், அதில் எதை யார் திரும்பப் பார்க்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். யாரும் பார்க்காத பதிவேட்டை நிறுத்திவிடுங்கள். மிச்சம் இருப்பதற்கு வாங்கினால் போதும்.

கேள்வி: பழுதுபார்க்கும் கடை. சின்னச் சின்ன உதிரிபாகங்கள் திடீரென்று தீர்ந்துவிடுகின்றன.

பதில்: ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெட்டி வையுங்கள். முதல் பெட்டி காலியானதும் ஆர்டர், அதுவரை இரண்டாவதைத் தொடக்கூடாது. நாளைக்கு 4 செலவாகி, சரக்கு வர 5 நாள் ஆகுமென்றால், இரண்டாவது பெட்டியில் 20, கூடவே கொஞ்சம் உபரி. எண்ணிப் பார்க்கும் வேலையே இல்லை. டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் வளர்த்தெடுத்த, செலவான அளவுக்கு மட்டும் அட்டை வைத்து அடுத்ததை வரவழைக்கும் கான்பான் முறையின் எளிய உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த, எப்போதாவது போகிற பாகங்களுக்கு இது வேண்டாம்.

கேள்வி: ஒரு வேலை முடிந்து அடுத்ததற்கு மெஷினை மாற்றி அமைப்பதிலேயே பாதி நாள் போகிறது.

பதில்: மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்துவைக்கக்கூடியது எது என்று இரண்டாகப் பிரியுங்கள். ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளரின் முறை இது. டொயோட்டாவில் உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பெரிய பிரஸ்ஸில் 4 மணி நேரம் பிடித்த அச்சு மாற்றத்தை இப்படித்தான் 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு அந்த அளவு வேண்டாம். ஸ்பேனர் தேடுவது, அடுத்த அச்சை எடுத்துவருவது, அளவு சரிபார்ப்பது எல்லாம் மெஷின் ஓடும்போதே முடியட்டும். மாற்றுவதை ஒருமுறை செல்போனில் படம் பிடித்து, மெஷின் ஓட்டுபவரோடு உட்கார்ந்து பாருங்கள். அவரே பாதியைச் சொல்லிவிடுவார்.

கேள்வி: எந்தப் புது முறை கொண்டுவந்தாலும் ஊழியர்கள் சில நாளில் பழையபடி செய்கிறார்கள்.

பதில்: அந்தப் புது முறையால் வேலை குறைந்தது யாருக்கு? உங்களுக்கு அறிக்கை கிடைத்து, அவர்களுக்கு எழுத்து வேலை கூடியிருந்தால், அவர்கள் கைவிட்டது நியாயம்தான். அடுத்த முறை, அவர்களை அதிகம் எரிச்சலூட்டுகிற வேலை எது என்று கேட்டு, அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: தினமும் காலையில் கூட்டம் போடலாமா?

பதில்: எத்தனை பேர்? நாலைந்து பேர் என்றால் அன்றைய வேலைகளை எழுதிவைக்க சுவரில் ஒரு பலகை போதும்.