‘பால்பார்க்’ விலை கேட்கிறார்கள், என்ன அனுப்புவது?

போடி, கம்பம், குமுளி பக்கமிருந்து ஏலக்காய்க் கடைக்காரர்களும் விடுதி ஊழியர்களும் கேட்டவை. வாடிக்கையாளரின் இங்கிலீஷ் மரபுத்தொடர் நமக்குப் புரிய வேண்டும். நாம் பதில் சொல்லும்போது அதே தொடர்களை அள்ளி வீச வேண்டியதில்லை.

ஏலக்காய் ஏற்றுமதிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அமெரிக்காவிலிருந்து ஒருவர் ‘பால்பார்க் ஃபிகர்’ கேட்டு மெயில் போட்டார். முதலாளி கிலோவுக்கு இன்ன விலை என்று அறுதியாக அனுப்பிவிட்டார். இப்போது ஏலத்தில் விலை ஏறிவிட்டது. பழைய விலைக்கே கொடுக்க வேண்டுமா? (போடிநாயக்கனூர்)

அவர் கேட்டது உத்தேச விலைதான். பால்பார்க் என்றால் பேஸ்பால் மைதானம். துல்லியமாக வேண்டாம், கிட்டத்தட்ட சொன்னால் போதும் என்ற பொருளில் அமெரிக்கர்கள் புழங்குகிறார்கள். உங்கள் மெயிலில் ‘கொட்டேஷன்’ (உறுதியான விலைப்புள்ளி) என்றோ, இந்தத் தேதி வரை செல்லும் என்றோ எழுதியிருந்தால் பேச்சு கொஞ்சம் கஷ்டம். அப்படி எழுதவில்லை என்றால் இன்றே விளக்கி ஒரு மெயில் போடுங்கள். ஆர்டர் வந்தபின் சொன்னால் சண்டைதான்.

போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு மின் ஏலத்தில் லாட்டுக்கு லாட் (ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும்) விலை மாறுவது உங்களுக்குத் தெரியும், கடல் தாண்டி இருப்பவருக்குத் தெரியாது. அதனால் இனி விலையை ஒற்றை எண்ணாக அனுப்பாதீர்கள். ‘8 மி.மீ. பச்சைக்காய், கிலோ இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள். இது இன்றைய நிலவரம். உறுதி விலை ஆர்டர் அன்று’ என்று நான்கு துண்டாக எழுதுங்கள். காயின் அளவைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அதை விட்டுவிட்டால் 7 மி.மீ. காயின் விலைக்கு 8 மி.மீ. கேட்பார்கள்.

விடுதி வரவேற்பில் இருக்கிறேன். மசாலாத் தோட்டம் பார்க்க வருகிறீர்களா என்றதற்கு விருந்தினர் ‘ஐ வில் டேக் எ ரெயின் செக்’ என்றார். மழை இல்லையே சார் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். (குமுளி)

இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். 1880களில் அமெரிக்காவில் மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால், வேறொரு நாள் வந்து பார்க்கச் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டின் பெயர்தான் இது. அங்கே கடைகளிலும் இது உண்டு: தள்ளுபடிச் சரக்கு தீர்ந்துபோனால், பின்னால் வந்து அதே விலைக்கு வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு தருவார்கள். ஆகவே உங்கள் மசாலாக் கடையில் யாராவது ‘கேன் ஐ கெட் எ ரெயின் செக்’ என்று கேட்டால், அது மறுப்பில்லை, அந்த விலையை எனக்கு நிறுத்திவை என்ற கோரிக்கை. உங்கள் விருந்தினரிடம் மறுநாள் காலையில் ஒரே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பலர் வருவார்கள்.

வாடிக்கையாளர் ‘த்ரூ தி ரூஃப்’ என்றால் கோபமா, லாபமா? (உத்தமபாளையம்)

விலையோ விற்பனையோ ‘த்ரூ தி ரூஃப்’ போனால் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. ஆள் ‘ஹிட் தி ரூஃப்’ என்றால் கொதித்துப்போனார்.

வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் சேவை பார்க்கிறேன். கோபமாக அழைப்பவரிடம் ‘மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்’ என்றேன். அவர் இன்னும் கத்தினார். மேற்பார்வையாளர் நான் ‘பாஸிங் தி பக்’ என்கிறார். (கம்பம்)

முதலில் இரண்டாவது தொடரைப் பார்ப்போம். ‘பக்’ என்பது போக்கர் சீட்டாட்டத்தில் அடுத்துச் சீட்டுப் போட வேண்டியவர் முன் வைக்கும் அடையாளம். அதைத் தள்ளிவிடுவது பொறுப்பைத் தள்ளிவிடுவது. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தன் மேசையில் ‘தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்று பலகையே வைத்திருந்தார், கடைசிப் பொறுப்பு என்னுடையது என்று.

உங்கள் கை கட்டப்பட்டிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர் காதில் அது ‘என்னால் ஒன்றும் ஆகாது, போய்க்கோ’ என்றுதான் விழும். புகார் அழைப்பில் மரபுத்தொடரே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எங்கே நிற்கிறது, யார் தீர்ப்பார், எப்போது சொல்வேன் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். ‘உங்கள் பார்சல் கொச்சியில் நிற்கிறது. ஒரு தாள் குறைகிறது. எங்கள் ஏற்றுமதிப் பிரிவு நாளை 12 மணிக்குள் அனுப்பும். அனுப்பியதும் நானே அழைக்கிறேன்.’ இதற்குப் பள்ளிக்கூட இங்கிலீஷே தாராளம். எதிர்முனையில் இருப்பவர் சவூதிக்காரர் என்றால் அவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை, எளிய வாக்கியம்தான் இருவருக்கும் கைகொடுக்கும். சொன்ன நேரத்துக்கு அழைத்தும் விடுங்கள்.

லண்டன்காரரும் நியூயார்க்காரரும் இருந்த கூட்டத்தில் ‘லெட் அஸ் டேபிள் இட்’ என்றார்கள். எடுப்பதா, விடுவதா? (போடிநாயக்கனூர்)

பிரிட்டனில் விவாதத்துக்கு எடு என்று பொருள், அமெரிக்காவில் தள்ளிவை. நேர் எதிர். ‘இப்போதே பேசலாமா, பிறகா?’ என்று கூச்சப்படாமல் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

‘டூ தி நீட்ஃபுல்’ தப்பா? (தேனி)

தப்பில்லை. ‘ஆவன செய்யவும்’ என்று பொருள். நம் ஆபீஸ்களில் நிலைத்துவிட்ட பழைய பிரிட்டிஷ் வழக்கு. ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. அமெரிக்கருக்கு எழுதும்போது ‘இன்வாய்ஸில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்’ என்று வேலையையும் நாளையும் எழுதுங்கள்.