லைவ் மைக்ரேஷன் முடியாமல் நிற்பது பற்றி

வணக்கம். உவர்மலை அலுவலகத்தில் கேவிஎம் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) சேர்வரிலிருந்து 16 ஜிபி நினைவகமுள்ள மெய்நிகர் கணினியை, நிறுத்தாமல் ஓடும்போதே இன்னொரு சேர்வருக்கு மாற்றும்போது (லைவ் மைக்ரேஷன்), அனுப்ப வேண்டிய மீதி நினைவகம் குறைந்து வந்து மறுபடி கூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இது பழுதல்ல. நினைவகத்தின் சிறு துண்டுகளான பக்கங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளே ஓடும் டேட்டாபேஸ் அனுப்பிய பக்கங்களில் திரும்ப எழுதுகிறது. ஒரு பைட் மாறினாலும் 4 கிலோபைட் பக்கம் முழுவதும் மறுபடி போக வேண்டும். உங்கள் 1 கிகாபிட் இணைப்பில் வினாடிக்குச் சுமார் 110 எம்பிதான் போகும். எழுதும் வேகம் அதைத் தாண்டினால் விடிய விடிய ஓடினாலும் முடியாது.

நிலாவெளியில் ஒரு ஹோட்டல் சேர்வரில் நானும் இப்படித் தவித்தேன். இரவு பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் நாலைந்து நிமிடத்தில் முடிந்தது. நீங்களும் முதலில் அதைப் பாருங்கள்.

சரிவரவில்லையென்றால் ஆட்டோ கன்வெர்ஜ் என்ற வசதியைப் போடுங்கள். எழுதும் வேகம் குறைய, அது மெய்நிகர் கணினியின் சிபியுவை 20 சதவீதம் கட்டுப்படுத்தத் தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டிக்கொண்டே போகும். அப்புறம், மீதிப் பக்கங்களை அனுப்பக் கணினி ஒரு கணம் நிற்கும் கடைசி இடைநிறுத்தத்துக்கு இயல்பாக உள்ள 300 மில்லிவினாடியை 1 வினாடியாக்கலாம். பெரும்பாலான பயனர்களுக்குத் தெரியவே தெரியாது.

போஸ்ட் காப்பி, அதாவது கணினியை முதலில் புதிய சேர்வரில் ஓடவிட்டு மீதிப் பக்கங்களைப் பின்னால் அனுப்பும் முறை, நிச்சயம் முடியும். ஆனால் நடுவில் நெட்வொர்க் சுவிட்ச் அணைந்தால் நினைவகம் பாதி அங்கும் பாதி இங்குமாகக் கிடக்கும். யுபிஎஸ் இல்லாமல் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.