காசநோயாளி வீட்டிலேயே இருக்கலாமா? – கேள்வி பதில்

மதுரை வாசகர்: இரண்டே மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. ஆறு மாதமும் விழுங்குங்கள். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி கிளம்பும்.

விழுப்புரம் வாசகர்: அண்ணனின் சளியில் கிருமி. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தக் காலம் போல சானடோரியத்துக்கு, அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனைக்கு, அனுப்புவதுதானே நல்லது?

இதற்குச் சென்னையே பதில் சொல்லியிருக்கிறது. 1956இல் இங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம், ஓய்வு, நல்ல சாப்பாடு. மற்றவர்கள் நெரிசலான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டுடன், முடிந்தபோது வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. 1959இல் வெளியான முடிவில், குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தும், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. சிகிச்சைக்கு முந்தைய இருமல்தான் பெரும்பாலும் பரப்புகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் வழக்கொழிய இந்த ஆய்வும் முக்கியக் காரணம். அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகளை நாளைக்கே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், தடுப்பு மருந்து தருவார்கள்.

சேலம் வாசகர்: அப்படியானால் சத்துணவுக்கு அரசு பணம் தருவது வீணா?

நான் அப்படிச் சொன்னேனா? குறைந்த உணவிலும் மருந்து வேலை செய்தது என்றேன். ஜார்க்கண்ட் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது: நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்ததில், அவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. மாதம் 500 ரூபாயை 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது சரியே. கணக்கில் தாமதமாக வந்து விழுவதுதான் என் சண்டை.

மீண்டும் சேலம் வாசகர்: 1959இல் மருந்துக்கு அடங்காத கிருமி இந்த அளவு இல்லையே?

நியாயமான வாதம். ஆனால் அதற்கும் இப்போது மாத்திரைகள்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்த, பெடாகுலின் என்ற மாத்திரை அடங்கிய மருந்துத் தொகுப்பு ஆறு மாதத்தில் முடிகிறது. முன்பு ஊசியும் சேர்ந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்தது. 2023இல் பெடாகுலின் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை நம் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. மலிவு விலைத் தயாரிப்புக்கு வழி திறந்தது.

தஞ்சை வாசகர்: சளி நின்றுவிட்டது, மாத்திரையை...

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவை வாசகர்: ஆஸ்துமா இன்ஹேலர் பழக்கமாகிவிடுமா?

ஆகாது.

கடலூர் வாசகர்: பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கிறேன். காசநோய் வராதுதானே?

வரும். 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. சிறு குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காக்கும். அவர்களுக்குத் தவறாமல் போடுங்கள். உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைப் பரிசோதியுங்கள்.