பட்டன் போனில் எளிதாக இருந்த எழுத்துத் திருத்தம் தொடுதிரையில் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

விரல்தான் காரணம். கர்சர் நிற்கவேண்டிய இடம் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு. விரல் நுனியோ நான்கைந்து எழுத்துகளை மூடிவிடும். தொடும் நேரத்தில் தொடும் இடமே தெரியாது. அம்புக்குறி பட்டனில் இந்தச் சிக்கல் இல்லை: ஒரு அழுத்து, ஒரு எழுத்து நகர்வு. பழைய பிளாக்பெர்ரி போனின் டிராக்பாலும் (விரலால் உருட்டும் குட்டி உருண்டை) அப்படித்தான். கையும் திரையை மறைக்காது.

2007இல் வந்த முதல் ஐபோன் இதற்காக, தொடும் இடத்தைப் பெரிதாக்கும் ஒரு பூதக்கண்ணாடியைத் திரையில் காட்டியது. காப்பி-பேஸ்ட்டோ 2009 வரை அதில் கிடையாது!

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஐபோனில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் கீபோர்டே டச்பேட் ஆகிவிடும். அப்படியே விரலை நகர்த்தினால் கர்சர் கூடவே நகரும். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் ஸ்பேஸ் பார் மேல் இடவலமாக இழுத்தால் போதும். அதன் மெனுவில் அம்புக்குறிகளோடு திருத்தும் பலகையும் உண்டு. ஒரு பத்தியின் பாதியை மட்டும் தேர்ந்தெடுக்க எனக்கு அதுதான் சௌகரியம்.

நீளமான கட்டுரையைத் திருத்துவதென்றால் ஒரு புளூடூத் கீபோர்டை இணைத்துவிடுங்கள். ஷிஃப்டும் அம்புக்குறியும் தரும் துல்லியம் விரலுக்கு வராது.